டிரை கப்பிங் போகப் போகிறீர்களா? கப் வைக்கிறவன் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போங்கள்

"இன்னும் ரெண்டு பம்ப் சேத்திப் போடுங்க சார். நல்லா கருத்தாத்தானுங்களே உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வரும்."

வாரத்துக்கு நாலு பேராவது இப்படிச் சொல்கிறார்கள். நான் திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி டெய்லர்கள். ஒன்றரை ஷிப்ட் முழுக்க பவர் டேபிளில் குனிந்தபடியே ஓட்டிவிட்டு, பிடரியிலிருந்து தோள்பட்டை வரை கல் மாதிரி இறுகிப்போய் வருவார்கள். முன்பெல்லாம் உள்ளே வந்ததும் "கரண்ட் வையுங்க" என்பார்கள். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு "கப் வையுங்க" என்கிறார்கள். வைக்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் மறுப்பில்லை. ஆனால் எதற்காக வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்துக்கொண்டால், காசும் போகும், சில சமயம் தோலும் போகும்.

முதலில் அந்தக் கறுப்பு வட்டம். டிரை கப்பிங்கில் தோலில் கீறலே கிடையாது. கப்பைத் தோல்மேல் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறோம், அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்றழுத்தம் தோலையும் அதற்கு அடியில் இருக்கும் சதையையும் கப்புக்குள் தள்ளுகிறது, தோல் ஒரு சின்ன பன் மாதிரி உப்பி நிற்கும். அந்த இழுப்பில் தோலுக்குக் கீழே மயிரிழை போல ஓடும் ரத்தக் குழாய்களில் சில உடைந்து, ரத்தம் கசிந்து அங்கேயே தேங்குகிறது. கட்டில் காலில் முட்டி இடித்துக்கொண்டால் ரத்தம் கட்டுமே, அதேதான். நாள் ஆக ஆக ஊதா பழுப்பாகி, மஞ்சளாகி மறைவதும் அதே மாதிரிதான். உடம்பிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை, வருவதற்கு வழியும் இல்லை, தோல்தான் மூடியிருக்கிறதே. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. "உங்களுக்கு வட்டம் கரேல்னு வந்திருக்கு, உடம்பு பூரா நச்சு" என்று யாராவது சொன்னால், கப்பைக் கொஞ்சம் பலமாகவும் கொஞ்சம் அதிக நேரமும் வைத்துவிட்டார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இதில் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. மசாஜில் சதையை அழுத்துகிறோம், இங்கே மேலே தூக்குகிறோம். இறுகிக் கிடக்கும் இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, வலியும் பிடிப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. கழுத்து வலி, இடுப்பு வலிக்கு இதை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் குறுகிய காலத்துக்குக் குறைவதாகத்தான் வருகிறது, ஆனால் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். இன்னொரு சிக்கலும் உண்டு: மாத்திரை என்றால் நிஜ மாத்திரையா, மருந்தே இல்லாத போலி மாத்திரையா என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்க்கலாம், முதுகில் கப் இழுப்பதை எப்படி மறைப்பது? அதற்காகச் சிலர் ஓட்டை போட்ட போலிக் கப்பை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இழுக்கிற மாதிரி இருக்கும், ஆனால் இழுப்பு தங்காது. அதிலும் சிலருக்கு வலி குறைந்திருக்கிறது! படுத்து ஓய்வெடுத்தது, யாரோ ஒருவர் அக்கறையாகக் கவனித்தது, "சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை, எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். அது தப்பும் இல்லை.

என் அனுபவத்தில் இறுக்கம் தளர்ந்த மாதிரி இருப்பது இரண்டு நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம். அந்த இரண்டு நாளைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். வலியில் திரும்பாத கழுத்து அப்போது திரும்பும், தூக்க முடியாத கை தூக்கும். அந்த நேரத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியைச் செய்தால் பலன் தங்கும். செய்யாமல் மறுபடி அதே ஸ்டூலில் அதே கூனலோடு போய் உட்கார்ந்தால், அடுத்த வாரம் நானும் கப்பும் உங்களுக்காகக் காத்திருப்போம்.

சர்க்கரை நோய், தைராய்டு, குழந்தையின்மை, கேன்சர் என்று எல்லாவற்றையும் கப் தீர்க்கும் என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்குள் காலே வைக்காதீர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இப்படிப் பேசுகிறவர் கையில் உங்கள் முதுகைக் கொடுக்கவே கூடாது.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் ஊதா வட்டங்களோடு வந்து நின்றபோதுதான் உலகமே திரும்பிப் பார்த்தது என்பது உண்மை. ஆனால் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'உறிஞ்சல்' என்றே ஒன்று இருக்கிறது. யுனானியில் ஹிஜாமா. சீனாவில் மாட்டுக் கொம்பும் மூங்கிலும் வைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். கொம்பு கண்ணாடியாகி, கண்ணாடி பிளாஸ்டிக்காகி, இப்போது சிலிகானில் வந்து நிற்கிறது.

ஹிஜாமா என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பலர் அந்த ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்கிறார்கள். ஒன்று உலர் கப்பிங், அதைத்தான் இங்கே பேசுகிறோம். இன்னொன்றில் தோலைப் பிளேடால் லேசாகக் கீறி ரத்தம் எடுப்பார்கள். அது முற்றிலும் வேறு கணக்கு. பிளேடு, கப், கையுறை எதுவும் ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது, போட்டால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. வரை தொற்ற வழி இருக்கிறது. எனவே போனிலேயே "டிரை கப்பிங்தானே, கீறல் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். படுத்த பிறகு கேட்பதற்கு அது நேரமில்லை.

யாரிடம் போவது? யுனானியில் பி.யு.எம்.எஸ். படித்தவர், யோகா-இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். படித்தவர், இல்லையென்றால் இதில் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட். சென்னைக்காரர்கள் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைப் பக்கம் போய் விசாரிக்கலாம், யுனானி, யோகா-இயற்கை மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புப் போய்விட்டு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களும் ஊரில் நிறைய. அவர்களில் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள் இருக்கலாம். ஆனால் யாருக்கு வைக்கக்கூடாது என்று தெரிவதுதான் இதில் பாதி வேலை, அது இரண்டு நாளில் வராது.

யாருக்கு வைக்கக்கூடாது

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதாவது இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் பலரும், மாத்திரைச் சீட்டோடு வாருங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரிப் பெயர் அதில் இருந்தால் நான் வைக்க மாட்டேன். நமக்கு ரெண்டு கப் வட்டத்தோடு நிற்பது அவர்களுக்குப் பெரிய ரத்தக்கட்டாகிவிடும். ஹீமோபிலியா மாதிரி ரத்தம் நிற்காத கோளாறு இருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

காய்ச்சலோடு வரும் உடம்பு வலி. இது நம் ஊரில் ரொம்ப முக்கியம். மழைக்காலத்தில் "மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது, முதுகுக்கு கப் வையுங்க" என்று வருவார்கள். தொட்டுப் பார்த்தால் சுடும். டெங்குவாக இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும், அந்த நேரத்தில் தோலுக்கடியில் ரத்தக் குழாயை உடைப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டு, தட்டணு ஏறி, உடம்பு தேறிய பிறகு கப்பைப் பற்றிப் பேசலாம்.

அடுத்து, இதை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான்: "வாயுப் பிடிப்பு". இடது தோள்பட்டை, இடது கை, தாடை, நெஞ்சுக்குப் பின்னால் முதுகு, இங்கெல்லாம் திடீரென்று வலி, கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். சோடா குடித்துப் பார்த்துவிட்டு, தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, கப் வைக்க வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கப் வைக்கிற அரை மணி நேரத்தில் காப்பாற்ற வேண்டிய இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். அதேபோல இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது அல்லது வராமலே இருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு வயிறும் இடுப்பும் தொடவே கூடாது, முதல் மூன்று மாதம் எங்கேயும் வேண்டாம். காலில் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தவர்கள், ரத்தக் குழாய் சுருண்டு புடைத்திருக்கும் வெரிகோஸ் இடம், புண், படை, வெயிலில் வெந்த தோல், மச்சத்துக்கு மேல், புதிதாகப் பச்சை குத்திய இடம் எல்லாம் விலக்கு. சொரியாசிஸ் இருப்பவர்களுக்குத் தோலில் அடிபட்ட இடத்திலேயே புதிதாகச் சொரியாசிஸ் கிளம்பலாம், எனவே நோய் அடங்கியிருந்தாலும் வேண்டாம். சின்னக் காயமே தடித்த தழும்பாகும் வாகுள்ளவர்கள் யோசித்து வாருங்கள். வயதானவர்கள், பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், இவர்கள் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், இழுத்தால் கிழியும். சர்க்கரையில் கால் மரத்துப்போனவர்களுக்கு அந்தக் காலில் வைக்கக்கூடாது, சுட்டாலும் கொப்புளித்தாலும் அவர்களுக்கே தெரியாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்கு நான் வைப்பதே இல்லை.

மேஜையில் என்ன நடக்கும்

வெறும் வயிற்றோடும் வராதீர்கள், பிரியாணி சாப்பிட்ட கையோடும் வராதீர்கள். லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி கழித்து வந்தால் சரியாக இருக்கும். தண்ணீர் குடித்திருக்க வேண்டும். முதுகில் வேக்ஸிங் செய்த மறுநாளே வர வேண்டாம். முதுகில் முடி அதிகம் இருந்தால் கப் பிடிக்காது, காற்று கசிந்து விழுந்துகொண்டே இருக்கும், அதற்கு ஜெல் கொஞ்சம் தாராளமாகத் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். பெண்கள் பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று முன்பே சொல்லலாம், கூட ஒருவரை உள்ளே உட்கார வைத்துக்கொள்ளலாம், வேலை நடக்கும் இடம் தவிர மற்ற இடத்தைத் துண்டால் மூடச் சொல்லலாம். இதற்கு முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கப்பைப் பாருங்கள். கவிழ்த்துப் பிடித்து உள்விளிம்பைப் பார்த்தால் போன ஆளின் எண்ணெய் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சோப்பில் கழுவி, கிருமிநாசினியில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்க வேண்டும். அடிக்கடி வருகிறவர்களுக்கு நான் தனி செட் வைத்து, டப்பாவில் பெயர் எழுதிவிடுவேன். அடிக்கடி போவதாக இருந்தால் நீங்களே ஒரு செட் வாங்கிக் கொண்டுபோகலாம்.

மூன்று வகைக் கப்பைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் கப்பில் தலையில் ஒரு வால்வு, துப்பாக்கி மாதிரி பம்ப்பை அதில் மாட்டி இழுப்போம். எத்தனை இழுப்பு என்பது எங்கள் கையில் இருப்பதால் முதல் முறை வருகிறவர்களுக்கு இதுதான் நல்லது. சிலிகான் கப் அமுக்கி விட்டால் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தடவி முதுகில் நகர்த்தி நகர்த்தி இழுக்கலாம், வட்டமும் குறைவாக விழும். கண்ணாடிக் கப்பில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்தி உள்ளே ஒரு நொடி காட்டி எடுத்துவிட்டுக் கவிழ்ப்பார்கள். பார்க்க அழகு. பஞ்சிலிருந்து ஒரு சொட்டு ஸ்பிரிட் முதுகில் விழுந்தால் அழகெல்லாம் போய்விடும், தீக்காயம்தான். பழகின கை என்று தெரிந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

வைத்ததும் தோலை யாரோ கொத்தாகப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஒரு நிமிடத்தில் அது பழகி, கதகதப்பாகிவிடும். முதல் தடவைக்கு ஒன்றிரண்டு பம்ப், ஐந்து நிமிடம் போதும், பழகிய பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் நான் விடுவதில்லை. இழுப்பு வேறு, வலி வேறு. குத்துகிற மாதிரி, எரிகிற மாதிரி, மரத்துப்போகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள், வால்வைத் தூக்கினால் புஸ்ஸென்று காற்று ஏறிக் கப் கையோடு வந்துவிடும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே பரிசு எதுவும் கிடையாது. கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி, முதுகெலும்பின் முண்டுகள், இங்கெல்லாம் யாராவது கப்பைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் ஆரம்பித்த முதல் வருடம், ஒரு ஓவர்லாக் டெய்லருக்கு இரண்டு தோளிலும் வைத்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனேன். பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் இருபது நிமிடம் தாண்டியிருந்தது, மனுஷன் நன்றாகத் தூங்கிவிட்டார். கப்பை எடுத்தேன், இடது தோளில் வட்டத்துக்குள் ஜவ்வரிசி மாதிரி ஐந்தாறு நீர்க் கொப்புளம். அவர் கோபப்படவில்லை, "கெட்ட நீர் வந்துருச்சுங்க" என்று சந்தோஷப்பட்டார்! எனக்குத்தான் தூக்கம் போனது. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணி வைத்து மூடி, நான்கு நாள் தினமும் வரச்சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து கப் வைத்தால் அறையை விட்டு நகர்வதில்லை, அலாரமும் வைக்கிறேன். உங்களுக்கு வைத்துவிட்டு ஒருவர் வெளியே போனால், அடுத்த கணமே கூப்பிடுங்கள்.

முடிந்து வீட்டுக்குப் போன பிறகு

சட்டென்று எழுந்திருக்காதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். அன்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டாம், ஜிம் வேண்டாம், அந்த இடத்தைச் சொறிய வேண்டாம், எரியும் தைலம் வேண்டவே வேண்டாம். லேசாக அரித்தால் தேங்காய் எண்ணெய் போதும். ஒரு நாள் அசதியாக இருப்பது வழக்கம்தான். கொப்புளம், சீழ், வட்டத்தைத் தாண்டிச் சிவப்பு பரவுவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

மறுநாள் காலை பயிற்சி. கதவு நிலையின் இரண்டு பக்கமும் முழங்கையை மடக்கி ஊன்றி, ஒரு அடி முன்னால் எடுத்துவைத்து நெஞ்சை விரித்து அரை நிமிடம் நில்லுங்கள், மூன்று தடவை. பிறகு நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள், பத்து தடவை. டீ இடைவேளையிலும் செய்யலாம், பக்கத்து மிஷின்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

வட்டம் மறைய நாலைந்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் பழுப்பு நிழல் கூடக் கொஞ்சம் நாள் தங்கலாம். பழைய வட்டம் மறையாமல் அதே இடத்தில் மறுபடி வைக்கக்கூடாது. பணத்தைப் பொறுத்தவரை, கப் ஒன்றுக்கா, ஒரு தடவைக்கா என்று முதலிலேயே கேளுங்கள், கப் கணக்கு என்றால் முதுகில் இடமே இல்லாமல் அடுக்கிவிடுவார்கள். பத்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். மூன்று நாலு தடவையில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் உங்கள் வலிக்கு இது ஆகாது, வேறு காரணம் தேட வேண்டும்.

ஆன்லைனில் செட் வாங்கி வீட்டில் வைக்கலாமா என்றால், தொடை, கெண்டைக்கால் மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற, சதைப் பிடிப்பான இடத்தில், ஒரு பம்ப், மூன்று நிமிடம் என்று பழகிப் பார்க்கலாம். நீங்களே கையை வளைத்து முதுகில் வைத்துக்கொள்ள முயற்சிக்க வேண்டாம், வைத்துவிடலாம், எடுக்கத்தான் எட்டாது. முகத்துக்கு என்று விற்கும் சின்னக் கப்பை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது, எண்ணெய் தடவி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கன்னத்தில் பொட்டு மாதிரி வட்டம் விழும். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்கள், முதுகு இறக்கி ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தால், மூன்று வாரம் முன்பே வந்துவிட்டுப் போய்விடுங்கள். போன ஆவணியில் ஒரு அக்கா முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் பிடிவாதமாக வைத்துக்கொண்டு போய், கல்யாணம் முழுக்க முந்தானையைப் போர்த்திக்கொண்டே நின்றாராம். ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அதே மேஜையில் மறுபடி படுத்தார்.